மஞ்சணத்தியின் இறகுகள்

பறவைகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓடைக்கரை வாகை மரம் ஒன்றில் தவிட்டாயி என்ற தவிட்டுக்குருவி ஏழு மகள்களோடு குடியிருந்தாள். ஆறு பேருக்கும் அம்மாவின் தவிட்டு நிறம். கடைசி மகள் மஞ்சணத்திக்கு மட்டும் சிறகெல்லாம் மஞ்சள். ஏன் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? அப்படிப் பிறந்தாள், அவ்வளவுதான்.

தவிட்டாயி மோசமான தாய் இல்லை. புழு எங்கே கிடைக்கும், பாம்பு எப்படி வரும், மழைக்கு எங்கே ஒதுங்க வேண்டும் என்று மகள்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கூடப் பிறந்தவள் வேறு மாதிரி இருந்தால் அவளை அவள் பாட்டுக்கு இருக்கவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கே அது தெரியாது.

ஒருநாள் மூத்தவள் கீச்சி சொன்னாள்: "அம்மா, இவ சிறகு தூரத்துலயே பளிச்சுனு தெரியுது. வல்லூறு கண்ணுல பட்டா நம்ம எல்லாரையும்ல தூக்கிட்டுப் போயிரும்?"

தாய் மூத்தவர்கள் ஆறு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டாள். "ஊரோட ஒத்து வாழணும்டி. அவளையும் உங்கள மாதிரி ஆக்கிருங்க. மஞ்சளப் பிடுங்கிட்டா, மறுபடி தவிட்டு நிறமாத்தான் முளைக்கும்."

இந்தக் குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலமானால் கிளையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருத்தி இறகை ஒருத்தி கோதிவிடுவார்கள். அதைவிடப் பெரிய பிரியம் அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கும் மஞ்சணத்தி கண்ணை மூடி அக்காமார் நடுவில் தலையைச் சாய்த்தாள். ஆறு அலகுகளும் கோதின. கோதிக்கொண்டே ஒவ்வொரு இறகாகப் பிடுங்கின.

"வலிக்குதுக்கா."

"உன் நல்லதுக்குத்தான். கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். அக்காமார் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. இறகுகள் மரத்தடியில் விழுந்தன. காற்றில் சருகு புரண்டு அவற்றை மூடியது.

மறுநாள் காலையில் வல்லூறு வந்தது. எல்லோரும் விருட்டென்று புதருக்குள் பறந்தார்கள். மஞ்சணத்தியும் சிறகை விரித்தாள். விரிக்கச் சிறகில் என்ன இருந்தது? "அக்கா!" என்று ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது.

தவிட்டாயி வல்லூறு போய் உட்கார்ந்த பாறைவரை பின்னாலேயே போய்க் கதறினாள். "அந்த மஞ்சளத்தான் பிடுங்கிப் போட்டாச்சே, பாவி! பெறகும் எதப் பாத்து எம்மகளத் தூக்குன?"

"மஞ்சளா? அத யாரு பாத்தா?" என்றது வல்லூறு. "எட்டுக் குருவி இருந்துச்சு. அதுல ஒரு குருவியால பறக்க முடியல. அதத் தூக்குனேன்."

தாய் திரும்பி வந்து அதை அப்படியே மகள்களிடம் சொன்னாள். கேட்டதும் கீச்சி மரத்தடிக்குத் தாவினாள். "எல்லா இறகையும் ஒன்னு விடாம எடுத்துக் குடுத்துருவோம். ஒட்ட வச்சுக்கிட்டு வந்துருவா."

யாரிடம் கொடுப்பது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லோரும் இறங்கிச் சருகைப் புரட்டினார்கள். "நீதான் மொதல்ல சொன்ன", "நீதான் நெறையப் பிடுங்குன" என்று ஏசிக்கொண்டே புரட்டினார்கள். ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லை.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் தத்தித் தத்திப் புழு தேடுவதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். அகப்பட்ட புழுவைத் தின்பதும் உண்டுதான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. மஞ்சள் இறகு மட்டும் இன்றுவரை அகப்படவில்லை. ஆனாலும் அன்று தொடங்கியதை விடாமல், அந்த அக்காமாரின் பிள்ளைகளும் பிள்ளைகளின் பிள்ளைகளும் ஒருத்தியை ஒருத்தி ஏசியபடி இன்னமும் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.