இதயம் கதவைத் திறந்த நாள்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கும் உறுப்புகளும் பேசும். ஆனால் ஒன்றோடு ஒன்று சேராது. நுரையீரல் இழுத்த காற்றைத் தானே வைத்துக்கொள்ளும். குடல் கஞ்சியின் சத்தைப் பொத்தி வைத்திருக்கும். இதயமோ ஒரு கை இரத்தத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும். அதனால் மனிதர்கள் நான்கு எட்டு வைத்தாலே உட்கார்ந்துவிடுவார்கள். ஓட்டம் என்ற சொல்லே அவர்களிடம் இல்லை.

ஆற்றங்கரையில் மாயக்காள் என்றொருத்தி இருந்தாள். ஒருநாள் அவள் மகள் பூவாயி தண்ணீரில் கால் அளைந்துகொண்டிருந்தாள். எங்கோ மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்து சிறுமியை இழுத்துக்கொண்டு போனது.

“அம்மா!”

மாயக்காள் எழுந்தாள். நான்காவது எட்டில் விழுந்தாள்.

“தெம்பில்லை, யாராவது ஏதாவது கொடுங்கள்!” என்று கால்கள் கதறின.

“என்னிடம் காற்று இருக்கிறது. கொண்டுபோக ஆளில்லையே” என்றது நுரையீரல்.

“சத்து இருக்கிறது. வழிதான் இல்லை” என்றது குடல்.

எல்லாம் இதயத்தைப் பார்த்தன. அது நடுங்கியது. “என்னிடம் இருப்பதே இவ்வளவுதான். போனது திரும்பாவிட்டால் நான் செத்துப்போவேன்.”

மறுபடியும் “அம்மா!” இந்த முறை பாதிக் குரல் தண்ணீருக்குள் கேட்டது.

இதயம் கதவைத் திறந்தது.

இரத்தம் பாய்ந்தது. அது போன வழியெல்லாம் குழாயானது. நுரையீரலில் காற்றை வாங்கிச் செக்கச்செவேலென்று மின்னியது; குடலில் சத்தை அள்ளிக்கொண்டு கால்களுக்குள் இறங்கியது. வெறுமையாய் நின்ற இதயம் காத்திருந்தது. உடம்பு முழுவதும் மூச்சு விடாமல் காத்திருந்தது.

கறுத்து, களைத்து, இரத்தம் திரும்பி வந்தது!

“வந்துவிட்டாயா!” என்று இதயம் அதை வாங்கி மறுபடி அனுப்பியது. மாயக்காள் ஓடினாள். மண்ணில் ஓடிய முதல் மனுஷி அவள்தான். வெள்ளத்தை முந்தி, வளைவில் இறங்கி, மகளின் கூந்தலைப் பற்றி இழுத்தாள்.

கரையில் தாயின் மார்பில் காது வைத்த பூவாயி திகைத்தாள்.

“உள்ளே யாரும்மா?”

“தெரியலையேடி. ஒருத்தர் இல்லை, நிறையப் பேர் இருக்காங்க.”

அன்று முதல்தான் தனியே நிற்பது உறுப்பு என்றும், ஒரே வேலைக்காகப் பல உறுப்புகள் கைகோத்து நிற்பது மண்டலம் என்றும் ஆயிற்று. இதயமும் இரத்தமும் குழாய்களும் சேர்ந்து இரத்த ஓட்ட மண்டலம். மூக்கும் மூச்சுக்குழலும் நுரையீரலும் சேர்ந்து சுவாச மண்டலம். நாம் உறங்கும்போதும் அவை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டே இருக்கின்றன.