சேதத்தைக் காத்த முள்ளம்பன்றி

ஏரிக்கரைக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி கிழங்குத் தோட்டம் போட்டிருந்தது. கரையோரம் இன்னும் சிலரும் போட்டிருந்தார்கள். காடே தின்றது அந்தக் கிழங்கைத்தான்.

ஐப்பசியில் ஏரி உடைந்தது. தோட்டமெல்லாம் மூழ்கி, கிழங்கு அழுகி நாறியது.

"நஷ்டப்பட்டவர்களுக்கு ஆளுக்கு மூன்று கூடை கிழங்கு!" என்று யானை ராஜா அறிவித்தார். நல்ல மனசுதான். ஆனால் சேதத்தைப் பார்த்து எழுத மயிலை அனுப்பினார். அங்கேதான் கெட்டது.

"சேறு காயட்டும். என் தோகை என்னாவது?" என்றது மயில். அதன் உதவியாளர் ஓணான் தலையை ஆட்டியது. அது எதற்கும் ஆட்டும்.

முள்ளம்பன்றி ஐந்து நாள் பார்த்தது. நடவுப் பட்டம் தப்பினால் அந்த வருஷமே போச்சு. அழுகலை வாரிக் கொட்டியது. குட்டிகளுக்கென்று வளையில் வைத்திருந்த கடைசிக் கிழங்குகளையும் வெட்டி நட்டது.

"அம்மா, பசிக்குது!"

"பொறுங்கடா, ராஜா கொடுக்கிற கிழங்கு வந்துடும்!"

ஒரு மாதம் கழித்து மயில் வந்தது. தோட்டத்தில் பச்சைத் துளிர்.

"சேதம் எங்கே?"

"வாரிக் கொட்டிட்டு மறுபடி நட்டுட்டேன் ஐயா."

"யாரைக் கேட்டு வாரினாய்? நான் பார்க்கும்வரை ஒரு துரும்பைத் தொடக்கூடாது. அதுதான் விதி! எழுது, சேதம் இல்லை!"

ஓணான் தலையை ஆட்டிக்கொண்டே எழுதியது.

"பட்டம் உங்களுக்காகக் காத்திருக்குமா? குட்டிங்க பட்டினி ஐயா!"

மயில் காதிலேயே வாங்கவில்லை.

பக்கத்துப் பாறை நரியுடையது. அதில் புல்கூட முளைத்ததில்லை.

"ஐயோ, எல்லாம் போச்சே! ஒரு செடிகூட மிஞ்சலையே!" என்று நரி மார்பில் அடித்துக்கொண்டது.

மயில் எட்டிப் பார்த்தது. ஒரு செடிகூட இல்லைதான். "முழுச் சேதம்! மூன்று கூடை!"

"அடப்பாவி, நீ என்னைக்குடா கிழங்கு போட்டே?" என்று கத்தியது முள்ளம்பன்றி.

"எழுதினவரைக் கேளுக்கா!" என்று சிரித்தது நரி.

நரிக்குக் கிழங்கு பிடிக்கவே பிடிக்காது. மூன்று கூடையும் அதன் குகைக்குள்ளேயே அழுகின. இங்கே குட்டிகள் மரப்பட்டையைக் கடித்து நாளைத் தள்ளின. சின்னக் குட்டி தாங்கவில்லை. செத்துப்போனது.

முள்ளம்பன்றி மறுபடி நட்ட கிழங்கு விளைந்தது. அதைக் காடே தின்றது. வெட்கமே இல்லாமல் மயிலும் தின்றது.

அடுத்த வருஷமும் ஏரி உடைந்தது. இந்த முறை முள்ளம்பன்றி ஒரு துரும்பைத் தொடவில்லை. அதைப் பார்த்துக் கரையோரத்தில் யாருமே தொடவில்லை. மயில் தோகையைக் கோதிக்கொண்டு சேறு காயக் காத்திருந்தது. பட்டம் போனது.

தை பிறந்தது. காட்டில் ஒரு கிழங்கு இல்லை. யானை ராஜாவே வயிறு ஒட்டிப்போய் வந்து நின்றார்.

"கிழங்கு எங்கேம்மா?"

"கிழங்கு ஏது ராஜா? சேதம்தான் இருக்கு! விதிப்படி பத்திரமா காப்பாத்தி வெச்சிருக்கேன். உங்க மயில் வந்து ஆசை தீரப் பார்க்கட்டும்!"

யானை அழுகிய தோட்டத்தைப் பார்த்தார். திரும்பி மயிலைப் பார்த்தார். மயில் ஓணானைப் பார்த்தது. ஓணான் தலையை ஆட்டியது.

விழுந்ததும் எழுந்து உழைக்கிறவருக்கு இல்லை என்று சொல்லும் உதவி, கடைசியில் ஊரையே பட்டினி போடும்.