ஸ்டேஷனில் அடிபட்ட டிஸ்க்

அந்தப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் போகாமல் இருக்கவும் முடியாது, போனால் நிம்மதியாகத் திரும்பவும் முடியாது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தவசிக்கு அன்றைக்கு வாய்த்தது அதுதான்.

ஸ்டேஷன் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் "டக்... டக்..." என்று அடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் கோர்ட்டில் கொடுக்க வேண்டிய கொலைக் கேஸ் மொத்தமும் அதற்குள் இருந்தது. சத்தம் வரும்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் கஜபதி, "கம்முனு கெட!" என்று லத்தியால் பெட்டி மேல் ஒரு போடு போட்டார். ஏட்டுகள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள்.

"இதை எவன்டா கெடுத்தது? பேரைச் சொல்லு. இல்லேன்னா உன் பேரை எழுதிடுவேன்."

தவசி பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஐயா, அடிபட்டவன் சாகக் கிடந்தா முதல்ல என்ன செய்வீங்க?"

"மரண வாக்குமூலம் வாங்குவேன். இதுகூடத் தெரியாதா?"

"இதுவும் சாகக் கிடக்குதுங்க ஐயா. யாரும் மேல கை வைக்காம இருந்தா, உள்ளே இருக்கறதை வேற டிஸ்க்குல வாங்கிடறேன்."

ஓங்கிய லத்தி பெட்டி மேல் படாமல் தாழ்ந்தது. காப்பி ஓடி முடியும்வரை ஒருவரும் பெட்டி பக்கம் போகவில்லை. கடைசி ஃபைல் வந்து சேர்ந்ததும் பழைய டிஸ்க் ஒரேயடியாக அடங்கிவிட்டது.

"வாக்குமூலம் ஆச்சு. இப்ப அடிச்சவன் பேரைச் சொல்லுடா."

தவசி கையெடுத்துக் கும்பிட்டான்.

"பேரு எதுக்குங்க ஐயா? முதல்ல ஆயுதத்தைக் கைப்பற்றிடுங்க."

ஏட்டுகளின் கண்கள் அத்தனையும் ஒரே இடத்துக்குப் போயின. கஜபதியின் கை, லத்தியை மெல்ல மேசைக்கு அடியில் கொண்டுபோய் ஒளித்தது.