லேட் ஆகாத பாட்டு

பெரம்பூரில் கிடார் சொல்லித்தரும் ரோஸ்லினுக்கு வயது இருபத்தெட்டு. அவளுடைய சீடர் மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. ஓய்வு பெற்ற கூட்ஸ் வண்டி டிரைவர். "மிஸ்" என்று வாய் நிறைய அழைப்பார்.

ப்ளூஸ் என்ற அமெரிக்க இசை தவிர வேறெதுவும் அவருக்கு வேண்டாம். மனைவி செங்கமலத்துக்குப் பிடித்த இசை அது. பக்கவாதம் வந்து நான்கு மாதமாக அவள் பேசவில்லை. இதைக் கேட்டாவது வாய் திறப்பாளா என்று ஒரு நப்பாசை.

அன்று ரோஸ்லின் பாதியில் நிறுத்தினாள்.

"ஒரு வரி பாடினதும் அடுத்ததுக்குப் பாயறீங்க சார். நடுவுல இடம் விடுங்க."

"லேட் ஆகிடுமே மிஸ்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் சிக்னல் பார்த்த மனுஷன், பாவம்.

அவர் விடவில்லை. "பாடின வரியையே ரெண்டாந்தரம் பாடணும், நடுவுல சும்மா நிக்கணும். எங்கயோ அமெரிக்கப் பருத்திக் காட்டுல கஷ்டப்பட்ட ஜனங்களோட பாட்டு. இன்னிக்கு ராக் மியூசிக் வரைக்கும் அதான் வேர்ங்கறீங்க. எப்படி மிஸ் இத்தனை காலம் தாங்குச்சு?"

"வண்டி ஓட்டிட்டு லைன் ஓரத்து உங்க வீட்டைத் தாண்டும்போது ஹார்ன் அடிச்சிருக்கீங்களா?"

மாசிலாமணி நெளிந்தார். "ரூல்ஸ் கிடையாது. ஆனா அடிப்பேன். மூணு தடவை."

"ஆன்ட்டி?"

"மொட்டை மாடியில நின்னு கரண்டியால தட்டைத் தட்டுவா. மூணு தட்டு. எஞ்சின் சத்தத்துல எங்க கேக்கும்? கை ஆடறது தெரியும். அதைப் பாக்கற வரைக்கும் தலையை உள்ள இழுக்க மாட்டேன்."

"பருத்திக் காட்டுலயும் அப்படித்தான் சார். இந்த வரிசையில ஒருத்தர் கூவுவாங்க. நடுவுல விட்ட இடத்துல அந்த வரிசையிலேர்ந்து பதில் வரும். ஆன்ட்டிகிட்ட போய்ப் பாடுங்க."

மறுநாள் அவர் கிடாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. கண் சிவந்திருந்தது.

"முதல் வரியைப் பாடிட்டு நிறுத்தினேன் மிஸ். ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். அவ இடது கையால கட்டில் கம்பியைத் தட்டினா. மூணு தட்டு."

ரோஸ்லின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா பேச்சு வரலையே மிஸ். இனி என்ன பண்ணட்டும்?"

"அதே வரியை இன்னொரு தரம் பாடுங்க சார்."