பாதியில் நின்ற சுயம்வரம்

ஆசிரம வாசலில் தேர் வந்து நின்றபோது குதிரைகளின் வாயில் நுரை தள்ளியிருந்தது. இளவரசன் உதயகேது குதித்து இறங்கினான். தேரில் இருந்த நந்தவதி இறங்கவில்லை. யாருக்கும் சூட்டாத சுயம்வர மாலை அவள் மடியில் கசங்கிக் கிடந்தது.

குரு சாரங்கர் பசுவுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். உதயகேது வில்லும் வேதமும் படித்தது இவரிடம்தான்.

"குருவே, உடனே அக்னி வளர்க்க வேண்டும். எங்களுக்குத் திருமணம் செய்து வையுங்கள்."

"இப்போதேயா?"

"இவளுடைய அண்ணன்மார் துரத்திக்கொண்டு வருகிறார்கள். திருமணம் முடிந்துவிட்டால் நான் அவர்கள் வீட்டு மாப்பிள்ளை. என்மேல் அம்பு விடமாட்டார்கள்."

"உனக்கு மாலை சூட்டினாளா?"

உதயகேது தலையைக் குனிந்துகொண்டான். "வரிசையில் நான் கடைசியில் நின்றேன். என்னிடம் வருவதற்குள் வேறு எவனுக்காவது சூட்டிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்." பிறகு அவசரமாகச் சொன்னான்: "தடுத்தவர்களை வென்றுதான் வந்தேன். பெண்ணைக் கவர்ந்து வந்து மணப்பதும் அரசர்களுக்கு உரிய முறை என்று தாங்கள்தானே பாடம் சொன்னீர்கள்!"

"சொன்னேன்" என்றார் குரு.

கமண்டலத்தை எடுத்துக்கொண்டு தேரருகே போனார். "தண்ணீர் குடி, அம்மா."

நந்தவதி கமண்டலத்தை வாங்கினாள். குடித்ததைவிடச் சிந்தியதே அதிகம். குடித்துவிட்டு மெல்ல இறங்கினாள்.

குரு நெருப்பு மூட்ட அரணிக்கட்டையைக் கடைந்தார். புகைதான் வந்தது. ஆற்றுக்கு அப்பால் சங்கு ஒலித்தது. உதயகேதுவுக்கு முதுகில் வியர்வை வழிந்தது.

"நான் கடையட்டுமா, குருவே?"

"இரு."

ஒருவழியாக நெருப்புப் பற்றியது. குரு மந்திரம் சொன்னார். உதயகேது அவள் கையைப் பிடித்தான். மழையில் நனைந்தது போல் சில்லிட்டிருந்தது அந்தக் கை.

"அக்னி சாட்சியாக இருவரும் ஏழு அடி நடக்க வேண்டும். ஏழாவது அடியில் திருமணம் நிறைவேறும். நான் எண்ணுகிறேன்."

உதயகேது நடந்தான். அவள் வரவில்லை. இழுத்தான். ஏழு அடியும் இழுத்துக்கொண்டே போனான். குருவின் வாயிலிருந்து ஒரு எண்கூட வரவில்லை.

"ஏன் எண்ணவில்லை, குருவே?"

குரு மணலைக் காட்டினார். அவனுடைய பாதச்சுவடுகள் ஆழமாகப் பதிந்திருந்தன. பக்கத்தில், குதிகால் தேய்ந்த இரண்டு நீளக் கோடுகள்.

"அவள் நடக்கட்டும். எண்ணுகிறேன்."

சங்கு மறுபடியும் ஒலித்தது. இந்த முறை ஆற்றின் இந்தக் கரையில்.

"வந்துவிட்டார்கள்! அவளிடம் நடக்கச் சொல்லுங்கள், குருவே!"

"கையை விடு. நடக்கிறாளா என்று பார்ப்போம்."

"விட்டால் போய்விடுவாள்!"

குரு அவள் கையைப் பார்த்தார். உதயகேது குனிந்து பார்த்தான். அவள் மணிக்கட்டில் அவனுடைய விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. விட்டுவிட்டான்.

நந்தவதி மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "நான் போகலாமா, சுவாமி?"

"உன் இஷ்டம், அம்மா."

அவள் வாசலை நோக்கி நடந்தாள். அதற்குள் தேர்கள் வந்துவிட்டன. முதல் தேரில் நின்ற மூத்த அண்ணன் நாணை இழுத்து உதயகேதுவின் மார்புக்குக் குறி வைத்தான். உதயகேதுவின் வில் அவனுடைய தேரிலேயே கிடந்தது. அவன் அதை எடுக்கப் போகவில்லை.

"வேண்டாம் அண்ணா!" நந்தவதி குறுக்கே வந்து நின்றாள். "அவரே விட்டுவிட்டார்."

வில் தாழ்வதற்கு நெடுநேரம் பிடித்தது. அண்ணன் தங்கையைத் தன் தேரில் ஏற்றிக்கொண்டான். அவள் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். குருவையா, தன்னையா என்று உதயகேதுவுக்குத் தெரியவில்லை.

புழுதி அடங்கிய பிறகு, அவன் நெருப்பின் முன் உட்கார்ந்தான்.

"குருவே, சுயம்வர வரிசையில் அவள் கடைசிவரை நடந்து வந்திருந்தால், எனக்குச் சூட்டியிருப்பாளா?"

குரு ஒரு சுள்ளியை ஒடித்து நெருப்பில் போட்டார்.

"அது அவளுக்குத்தானே தெரியும். காலையிலிருந்து உன் தேரில்தான் இருந்தாள். நீ கேட்கவில்லையா?"