எருமையின் காதில் ஊற்றிய அறிவு

எருமைக்கு அறிவு கூடிப்போயிற்று. அதனால் ஒரு மந்தையே பேச்சை நிறுத்திவிட்டது. கெட்டது அவ்வளவுதான். ஆனால் எப்படிக் கெட்டது, ஏன் கெட்டது என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்காக மேலே போக வேண்டியிருக்கிறது.

மாடும் மரமும் மீனும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஆறு ஒன்று வளைந்து திரும்பும் இடத்தில் பதினேழு எருமைகள் இருந்தன. வேலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காலையில் கோரை மேயும். வெயில் ஏறியதும் மடுவில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் கிடக்கும். கிடந்தபடி யாராவது ஒருத்தி பேசுவாள். பாக்கிப் பதினாறும் சத்தம் போடாமல் காதை மட்டும் ஆட்டிக்கொண்டு கேட்கும். என்ன பெரிய பேச்சு? காலையில் மேய்ந்த புல்லைப் பற்றித்தான். எல்லாரும் சேர்ந்து மேய்ந்த அதே புல். ஆனாலும் ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் கேட்பார்கள். யாருக்கும் சலித்ததில்லை.

வாரத்தில் நாலு நாள் வெள்ளைக்குளம்பி பேசுவாள். அவளுக்கு ஒரே கதைதான். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி வெள்ளத்தில் அவளுடைய கன்று செம்பட்டை ஆற்றோடு போய்விட்டான்.

“அக்கரைக்குப் போயிட்டான்” என்பாள். “அங்க புல்லு இடுப்பு உசரம். வயிறு நெறஞ்சா எங்க ஞாபகம் வரும்? தண்ணி வத்துனதும் வந்துருவான்.”

இரண்டு கோடையில் தண்ணீர் வற்றியது. அவன் வரவில்லை. அதை யாரும் சொன்னதில்லை. கதையில் கன்று மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று.

அந்த மந்தையில்தான் சுருட்டைக்கொம்பி இருந்தாள். இளம் எருமை. அவளுக்கு இருந்த வியாதி, கேள்வி. கோடையில் மடுத் தண்ணீர் எங்கே போகிறது? மீனுக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்யும்? கொக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அந்தக் கால் தூங்குகிறதா?

“தண்ணி போற எடத்துக்குப் போகுது. நீ பேசாம மெல்லுடி” என்பாள் வெள்ளைக்குளம்பி.

சுருட்டைக்கு அது போதவில்லை. ஒருநாள் நேராகப் புற்றுக்குப் போய்விட்டாள். அங்கே ஓர் உடும்பு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது.

“எனக்கு எல்லாம் தெரியணும்” என்றாள்.

உடும்பு அவளை மேலும் கீழும் பார்த்தது. “ஒரு மருந்து இருக்கு. வல்லாரைச் சாறு, கூட மூணு வேர். என்ன வேர்னு கேக்காத. காதுல ஊத்தணும். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள். பத்தியம் உண்டு. சேத்துல படுக்கக் கூடாது.”

“சேத்துல படுக்காம எருமை எப்படி இருக்கும்?”

“அறிவு வேணுமா, சேறு வேணுமா?”

“வலிக்குமா?”

“தெரியாது. இதுவரைக்கும் யாருக்கும் ஊத்தி முடிச்சதில்ல. முயல் ஒருத்தன் வந்தான். மூணாம் நாள் ஓடிட்டான்.”

“ஊத்தினா என்ன ஆகும்?”

“அதைப் பாக்கத்தான் நானும் உக்காந்திருக்கேன்” என்றது உடும்பு.

இரண்டும் ஒரே மாதிரி ஆசாமிகள். சும்மா இருக்குமா?

ஊற்றினார்கள். பத்தாம் நாள் அவளுக்குக் கோரைத் தாள்கள் தனித்தனியாகத் தெரிந்தன. இருபதாம் நாள் கொக்கின் கால் தூங்குகிறதா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தது. முதுகு வெயிலில் வெடித்துத் தோல் உரிந்தது. ஆனாலும் சேற்றில் இறங்கவில்லை. மண்டலம் முடிந்த அன்று அவள் மணலைப் பார்த்தாள். மடுத் தண்ணீர் பாதி ஆவியாக மேலே போகிறது, பாதி மணலுக்குள் இறங்குகிறது என்று பளிச்சென்று தெரிந்துவிட்டது.

அந்தக் கோடையில் மடு வறண்டது. சுருட்டை ஓர் இடத்தைக் காட்டிக் குளம்பால் தோண்டச் சொன்னாள். மூன்று முழத்தில் ஊற்று வந்தது. மந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. “நம்ம சுருட்டை, நம்ம சுருட்டை” என்று ஆற்றில் போகிற மீனிடம்கூடச் சொல்லிக்கொண்டார்கள்.

மழை பெய்து மடு நிறைந்தது. மறுபடி எல்லாரும் இறங்கிக் கிடந்தார்கள். சின்னக்காதி என்பவள் ஆரம்பித்தாள்: “இன்னிக்குக் காலையில கோரைக்குள்ள போனேனா...”

“பாம்பைப் பாத்த. பயந்து பின்னால வந்த. அப்புறம் பாத்தா அது கொடி. அதானே?” என்றாள் சுருட்டை.

சின்னக்காதி வாயை மூடிக்கொண்டாள். சொல்ல வந்தது அதுதான்.

மறுநாள் இன்னொருத்தி. அதற்கு மறுநாள் இன்னொருத்தி. எல்லாருடைய கதையின் முடிவும் சுருட்டைக்கு முதல் சொல்லிலேயே தெரிந்தது. தெரிந்ததைச் சொன்னாள். சொன்னால் நேரம் மிச்சம் என்று நினைத்தாள். மிச்சமான நேரத்தை வைத்து எருமைகள் என்ன செய்யும் என்று அவள் யோசிக்கவில்லை.

பிறகு வெள்ளைக்குளம்பியின் முறை வந்தது.

“இந்நேரம் அவனுக்குக் கொம்பு மொளைச்சிருக்கும்...”

சுருட்டைக்குப் பாவமாக இருந்தது. அவளுக்காக அதைச் சொல்லியாக வேண்டும். கெட்ட எண்ணமே இல்லை. தனக்குத் தெரியாத ஒன்றை யாராவது சொன்னால் அவளுக்கு எப்போதும் சந்தோஷம். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

“அத்தை” என்றாள். “அன்னிக்கு வெள்ளம் மருத மரத்தோட ரெண்டாங்கிளை வரைக்கும் வந்துச்சு. கரையெல்லாம் அந்தக் கறை இன்னும் இருக்கு. அந்த வேகத்துல அக்கரை ஏற அரை நாழிகை ஆகும். நாலு மாசக் கன்னுக்கு அவ்வளவு மூச்சு கிடையாது. அவன் ஏறல அத்தை. அன்னிக்கே முடிஞ்சு போச்சு. நீங்க காத்திருக்க வேண்டாம்.”

தண்ணீர் அசையவில்லை.

“அப்படியா” என்றாள் வெள்ளைக்குளம்பி. எழுந்தாள். உச்சி வெயிலில் மடுவை விட்டு ஓர் எருமை கரையேறியதை அந்த மந்தை அதுவரை பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து யாரும் பேசவில்லை. ஒவ்வொருத்தியிடமும் ஏதோ ஒன்று இருந்தது. அதை இவள் எடுத்து வெளியே போட்டுவிட்டால்? நாலாம் நாள் மந்தை மேல் வளைவுக்குப் போய்விட்டது. சுருட்டையைக் கூப்பிடவில்லை. அவளுக்கும் எதற்கு என்று தெரியும். எல்லாந்தான் தெரியுமே.

தனியாகக் கிடந்தாள். பேச்சுத் துணைக்கு நரியிடம் போனாள். நரி நன்றாகப் பேசும் என்று பெயர்.

“நேத்து நான் ஒரு சிறுத்தையை மெரட்டி...” என்று நரி தொடங்கியது.

“மெரட்டல. அது தூங்கிட்டிருந்துச்சு. நீ எட்டி நின்னு பாத்துட்டு ஓடி வந்துட்ட.”

நரிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன் தாயி, ஒரு பொய்யைக்கூட முழுசாச் சொல்ல விடமாட்டியா? அப்புறம் ஒருத்தன் எதுக்கு வாயைத் தொறக்கறது?”

வாலைத் திருப்பிக்கொண்டு போயிற்று.

உடும்பிடம் போனாள். “ஊத்துனதை எடுத்துடுங்க.”

“ஊத்தத்தான் தெரியும். எடுக்கத் தெரியாது.”

“அப்போ அதை உங்க காதுலயும் ஊத்திக்கோங்க. நாம ரெண்டு பேரும் பேசிட்டிருப்போம்.”

உடும்பு அவளுடைய உரிந்த முதுகையும், குழி விழுந்த கண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்தது. “உன்னைப் பாத்ததுக்கு அப்புறமா?” என்றது. புற்றுக்குள் நுழைந்துவிட்டது.

சேற்றில் தலையை முக்கிப் பார்த்தாள். சேறு காதுக்குள் போயிற்று. அறிவு கரையவில்லை. அதைவிடக் கொடுமை, அவளிடம் கேள்வியே மிச்சமில்லை. காலையில் கண் விழித்தால் அன்று நடக்கப்போவதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எதைப் பார்க்க எழுந்திருப்பது?

ஒன்று மட்டும் அவளை அரித்தது. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது, வெள்ளைக்குளம்பி மேயவில்லை. இடுப்பு எலும்பு புடைத்துவிட்டது. நடை தளர்ந்துவிட்டது. இப்படியே போனால் பத்தொன்பது நாள். அவள் கணக்கு தப்பாது. என்ன செய்தால் அத்தை பிழைப்பாள் என்பது மட்டும் எந்தப் பக்கம் போட்டாலும் வரவில்லை. போய் மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் செத்த கன்று திரும்பிவருமா? ‘நான் சொன்னது தப்பு’ என்று பொய் சொல்லலாம். யார் நம்புவார்கள்? அவள் சொன்னது எதுவும் தப்பானதில்லையே.

பத்தொன்பது பன்னிரண்டானது. பன்னிரண்டு ஏழானது.

அன்று மத்தியானம் மொண்ணையன் வந்தான். அந்த மந்தையின் கிடா. கொம்பும் மழுங்கல், புத்தியும் மழுங்கல் என்று பெயர். ஒரு விஷயம் அவன் மண்டைக்குள் போய்ச் சேர ஒரு மழைக்காலம் ஆகும் என்று மந்தையே கேலி செய்யும். வந்தவன் வழக்கம் போல அவள் பக்கத்தில் தொப்பென்று விழுந்தான்.

“எல்லாரும் மேல் வளைவுல இருக்காங்க” என்றான்.

“தெரியும்.”

“நீ ஏன் இங்க கெடக்குற?”

“என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க.”

“எப்ப?”

“மழை விட்டப்பவே. நாப்பது நாளாச்சு.”

“எங்கிட்ட யாரும் சொல்லலியே.”

“நாலு பேர் சொன்னாங்க.”

“இருக்கும்” என்றான். கொஞ்ச நேரம் அசை போட்டான். பிறகு எழுந்தான். “வா, போவோம். இங்க சேறு நல்லால்ல.”

அவள் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால், நாற்பது நாளில் அவளை வா என்று சொன்னவன் அவன் ஒருத்தன்தான்.

மேல் வளைவில் இவளைப் பார்த்ததும் பதினான்கு தலைகள் திரும்பின. மொண்ணையன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நேராகப் போய் வெள்ளைக்குளம்பியின் அருகில் படுத்தான். சுருட்டை இந்தப் பக்கம் படுத்தாள். வெள்ளைக்குளம்பி கண்ணைத் திறக்கவில்லை.

“ஏன் அத்தை” என்றான் மொண்ணையன். “நம்ம செம்பட்டைக்கு இப்ப எவ்வளவு கொம்பு இருக்கும்?”

சின்னக்காதி பல்லைக் கடித்துக்கொண்டு, “இந்த மடையனை எவ கூட்டிட்டு வந்தது?” என்று முணுமுணுத்தாள்.

வெள்ளைக்குளம்பி கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்க்கவில்லை. சுருட்டையைப் பார்த்தாள். ஓங்கிய கழிக்கு முன்னால் நிற்கிற மாடு பார்க்குமே, அந்தப் பார்வை.

சுருட்டைக்குத் தெரியும். கொம்பு இல்லை. கன்று இல்லை. எலும்பு எந்த மணல் திட்டுக்குக் கீழே இருக்கிறது என்பதுவரை தெரியும். தெரிந்தது அத்தனையும் வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டது. வாய் திறக்கப் போயிற்று. அவள் உதட்டை இறுக்கி மூடினாள். உள்ளே வந்தது முட்டியது. வெளியே போக வழியில்லாமல் மூக்கு வழியாக ஒரு சத்தம் மட்டும் வந்தது.

“ம்.”

அந்தச் சத்தத்தை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அதில் ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. சொல்லு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்பது மாதிரி இருந்தது.

வெள்ளைக்குளம்பியின் காது அசைந்தது. மெல்லச் சொன்னாள்: “ஒரு சாண் இருக்கும்.”

“ம்.”

“எடது கொம்பு கொஞ்சம் வளைஞ்சிருக்கும். அவங்கப்பன் மாதிரி.”

“ம்.”

“அங்க அவனுக்கு ஒரு கூட்டாளி இருக்கான்.”

சுருட்டை தலையைத் தூக்கினாள். கூட்டாளியா? இதுவரை அந்தக் கதையில் கூட்டாளி கிடையாது. அடுத்தது என்ன என்று மனசுக்குள் தேடினாள். ஒன்றும் வரவில்லை. மருந்து அப்படியேதான் இருந்தது. மணலில் எத்தனை நண்டுவளை என்றுகூட அவளால் அங்கிருந்தே சொல்ல முடியும். ஆனால் வெள்ளைக்குளம்பியின் வாயில் அடுத்து என்ன வரும் என்று தெரியவில்லை. நாற்பது நாளாகச் சும்மா கிடந்த காது தானாக நிமிர்ந்தது.

“ம்? யாரு அத்தை அது?”

“அவசரப்படாதடி. சொல்லத்தானே போறேன்” என்றாள் வெள்ளைக்குளம்பி.

அந்தக் கூட்டாளி ஒரு கிழட்டு ஆமை. அவன் சங்கதி சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பதினேழு பேரும் தண்ணீரிலேயே கிடந்தார்கள். மறுநாள் காலை வெள்ளைக்குளம்பி கோரையில் வாய் வைத்தாள். சுருட்டை கணக்குப் போட்ட கடைசி நாளும் வந்தது, போயிற்று. அவள் மேய்ந்துகொண்டிருந்தாள். சுருட்டையின் கணக்கு தப்பியது அந்த ஒருமுறைதான். அதில் அவளுக்கு வந்த சந்தோஷம் ஊற்றுத் தண்ணீர் கண்டபோதுகூட வரவில்லை.

ஒரு மத்தியானம் அவள் மொண்ணையனைப் பார்த்தாள். நிஜமாகவே ஒன்றும் புரியாமல் கேட்டானா? புரிந்துதான் கேட்டானா? பாதி மூடிய கண்ணோடு மென்றுகொண்டிருந்தான். எவ்வளவு பார்த்தும் பிடி கிடைக்கவில்லை. கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. ஒரு கேள்வியாவது கையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று முதல்தான் எருமை யார் எதைச் சொன்னாலும் உதட்டை மூடிக்கொண்டு ‘ம்’ என்கிறது. பார்ப்பவர்கள் அதை மந்தம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கரையில் மாடு மேய்த்தவர்கள் அதைக் கேட்டுப் பழகினார்கள். அதனால்தான் இன்றைக்கும் கதை சொன்னால் கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சொல்கிறவர் நிறுத்திவிடுவார். முடிவு முன்பே தெரிந்திருந்தாலும் கொட்டத்தான் வேண்டும். எல்லாம் தன் மருந்தால் வந்தது என்று உடும்பு காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது. மருந்து செய்தது முதல் பாதி. கெட்டதைச் சரிசெய்தவன் மொண்ணையன்.