நூலுக்கு மேலே

பொம்மை வீடு செய்யக் கற்க வருகிறவர்களிடம் ஜெனோவா முதலில் கேட்பது ஒன்றுதான்.

“யாரு வீடு?”

கற்பனை வீடு அங்கே ஆகாது. வந்தவர் அறிந்த வீடாக இருக்க வேண்டும். பழைய வீடாக, அந்தக் காலத்துச் சாமான்களோடு இருக்க வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் கணக்கு. கடையில் வாங்கிய பொம்மைச் சாமான் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது.

நல்லதம்பி வந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஜெனோவாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அவர் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர். எப்போதும் இரவுப் பணி. தூங்க வேண்டிய பகலில், கண் சிவக்க வந்து நின்றார்.

“யாரு வீடு, அண்ணே?”

“எங்க தாத்தா வீடு, டீச்சர். கண்டோன்மென்ட்ல. வக்கீலா இருந்தாரு.”

ஜெனோவா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“செய்யுங்க.”

பக்கத்து மேசையில் தையல்காரி வைரமணி தான் பிறந்த ரயில்வே குவார்ட்டர்ஸைச் செய்துகொண்டிருந்தாள். விரல் நீளத்தில் ஒரு மெத்தைக்குப் பஞ்சு திணித்தபடியே நிமிர்ந்தாள்.

“வக்கீல் பேரனா? அப்ப உங்கள ஜமீன்னுதான் கூப்பிடணும்.”

அன்றிலிருந்து அவர் ஜமீன் ஆனார். ஜமீன், டீ ஆறுது. ஜமீன், அந்தக் கத்திரியத் தள்ளுங்க. ஒருநாள் வைரமணி கேட்டாள்.

“ஏன் ஜமீன், அவ்ளோ பெரிய வீட்டுல பேரனுக்குன்னு ஒரு கார்ஷெட்டாவது எழுதி வச்சிருக்கக் கூடாதா உங்க தாத்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். நல்லதம்பியும் சிரித்தார். காது மட்டும் சுட்டது.

ஆனால் வேலையில் அவரை யாரும் கேலி செய்ய முடியவில்லை. பர்மா தேக்குச் சீவலில் சுவர்க் கடிகாரம் செய்தார். பெண்டுலத்துக்குப் பித்தளைச் சட்டைப் பொத்தான். அலமாரியின் நெற்றியில் இரண்டு மயில்கள் செதுக்கினார். ஒரு மயிலின் மூக்கை உடைத்தும் வைத்தார்.

“நல்லாத்தான இருந்துச்சு, ஏன் உடைச்சீங்க?” என்றாள் வைரமணி.

“அது உடைஞ்சுதான் இருக்கும்.”

வால்வு ரேடியோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பு ஒயர் எந்த ஆணியில் மாட்டித் தொங்கும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. மூக்குக் கண்ணாடி ஒன்றைச் செம்புக் கம்பியில் வளைத்தார். சாய்வு நாற்காலியின் தலைமாட்டில் எண்ணெய்க் கறை வைத்தார். ஊர் தூங்கும்போது விழித்திருப்பவனுக்கு ஒரு வீட்டைப் பற்றி என்னவெல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் யோசிப்பதில்லை.

வீடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயில் ஹாலில் எல்லோருடைய வீடுகளையும் பார்வைக்கு வைக்க ஏற்பாடு. செய்தவர் தன் வீட்டுப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதல்நாள் மத்தியானம் நல்லதம்பி வந்தார்.

“டீச்சர், வீடு இருக்கட்டும். நான் வரல.”

“ஏன்?”

“டூட்டி.”

“பகல்லயா?”

அவர் மேசை மேலிருந்த தன் வீட்டின் பக்கம் திரும்பினார். பிறகு வேறு ஏதோ கேட்பதுபோலக் கேட்டார்.

“பார்க்கப் பார்க்க மனசு ஒட்டல. எதுவோ குறையுது. என்ன குறை, டீச்சர்?”

ஜெனோவா வைரமணியிடம் கை நீட்டினாள். வெள்ளை நூல்கண்டு வந்தது.

வீட்டின் முன்சுவரைக் கதவுபோலத் திறந்தாள். கூடத்துப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல். அதன் அடிச்சட்டத்தில் நூலின் முனையைக் குண்டூசியால் குத்தினாள். அங்கிருந்து அதே மட்டத்தில் நூலை இழுத்து, கூடத்தைச் சுற்றிக் கட்டினாள். நாற்காலிக்கு நடுவே நூல் போயிற்று. அலமாரியின் இடுப்பில் போயிற்று. மேசையின் விளிம்பை உரசிக்கொண்டு போயிற்று.

“குனிஞ்சு பாருங்க அண்ணே.”

நல்லதம்பி குனிந்தார். வைரமணியும் வந்து எட்டிப் பார்த்தாள்.

நூலுக்கு மேலே மயில்கள், கடிகாரம், கறை, ஒயர், மூக்குக் கண்ணாடி. நூலுக்குக் கீழே அதே நாற்காலிக்கு நாலு குச்சிகள். அலமாரியின் கீழ்க்கதவில் பூட்டு இல்லை, கைப்பிடியும் இல்லை. தரையில் பளபளவென்று வெள்ளை டைல்ஸ்.

“அந்தக் காலத்து வீட்ல ஏது இந்த டைல்ஸ்?” என்றாள் வைரமணி. “இப்பத்த ஆபீஸ்லதான் இது கிடக்கும்.”

“எங்க செக்யூரிட்டி ஏஜென்சி ஆபீஸ்லயும்” என்றார் நல்லதம்பி, வாய்க்குள்.

ஜெனோவா கேட்டாள்.

“இந்த ஜன்னல் என்ன உயரம் அண்ணே?”

“உள்ளேர்ந்தா, வெளியேர்ந்தா?”

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவர் காதில் விழுந்தது. தாத்தா வீட்டில் வளர்ந்தவன் அப்படிக் கேட்க மாட்டான்.

“வெளியேர்ந்து” என்றாள் ஜெனோவா.

அவர் உயரம் காட்டக் கையைத் தன் கழுத்தருகே கொண்டுபோனார். அங்கேயே வைத்துக்கொண்டார்.

வைரமணி “ஜமீ—” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் மேசைக்குப் போய், தைத்து முடித்த தலையணையை மறுபடி தைக்கத் தொடங்கினாள்.

“அந்த வீட்டுல வாட்ச்மேனா இருந்தவன் நான்” என்றார் நல்லதம்பி. “தாத்தால்லாம் இல்ல. எங்க தாத்தாவ நான் பார்த்ததே இல்ல.”

“சரி.”

“வக்கீல் செத்து, அவரு சம்சாரம், அந்தம்மா மட்டும் இருந்தாங்க. வீடு மேடு. வெளிய தரை பள்ளம். நடந்து சுத்தி வரப்ப கண்ணுக்கு நேரா அந்த ஜன்னல். மொதல்ல சும்மாதான் பார்த்தேன். அப்புறம் பார்க்கிறதுக்குன்னே அந்தப் பக்கம் ரெண்டு தடவ கூடச் சுத்துவேன்.” அவர் குரல் இறங்கியது. “தப்பா ஒண்ணும் இல்ல டீச்சர். பெத்தவங்க வயசு அவங்களுக்கு. பேப்பர வாய்விட்டுப் படிப்பாங்க, எதிர்ல ஆள் இருக்கிற மாதிரி. கடிகாரத்துக்குச் சாவி குடுப்பாங்க. அதத்தான் பார்த்தேன். ஆனா, காவலுக்கு வச்ச ஆளு திருடன் மாதிரில்ல பார்த்திருக்கேன்?”

ஜெனோவா நூலின் ஒரு முடிச்சைச் சரிசெய்தாள்.

“உள்ள கூப்பிட்டதே இல்லையா?”

“கூப்பிட்டாங்க. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். நான் டூட்டி ஏறினதும் பேய்மழை. கரண்ட் போயிருச்சு. அந்தம்மா கதவத் திறந்து, ‘வாப்பா, உள்ள வந்து உட்காரு’ன்னாங்க.”

“போகலையா?”

“படிவரைக்கும் போனேன். உள்ள கும்மிருட்டு. ‘பார்த்து வா, நாற்காலி எங்க கிடக்குன்னு தெரியாம முட்டிக்கப் போற’ன்னாங்க. எனக்குத் தெரியும் டீச்சர். நாற்காலி எங்க, மேசை எங்க, எல்லாம் தெரியும். முட்டாம நடந்து போய் உட்கார்ந்துருவேன். ஒரு தடவகூட உள்ள வராதவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அந்தம்மா நினைக்க மாட்டாங்களா? ஈரத்தோட வேணாம்மான்னு சொல்லிட்டேன். மழையிலயே நின்னேன். அப்புறம் அவங்க கூப்பிடல.”

வைரமணியின் ஊசி நின்றிருந்தது.

“அதான் கால் தெரியல, தரை தெரியல. அன்னிக்குப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும். இப்ப அந்தம்மாவும் இல்ல, வீடும் இல்ல. யார்ட்ட போய்க் கேக்குறது?”

அவர் வீட்டின் முன்சுவரைச் சாத்தினார். இரண்டு கையாலும் வீட்டைத் தூக்கப் போனார்.

“எங்க கொண்டுபோறீங்க?”

“உடைச்சுப் போட்டுர்றேன். ஒளிஞ்சு பார்த்து செஞ்ச வீட்ட நாலு பேர் முன்னாடி வச்சு, என் வீடுன்னு பொய் வேற சொல்லணுமா?”

“வைங்க அண்ணே கீழ.”

அவள் சத்தம் போடவில்லை. அவர் வைத்தார்.

ஜெனோவா குனிந்து, ஜன்னலுக்கு வெளியே முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். அவர் பார்த்த இடத்திலிருந்து, அவர் பார்த்தபடி. நெடுநேரம் பார்த்தாள்.

“இவ்ளோ பார்த்துச் செஞ்ச ஆளு, ஜன்னலுக்குத் திரைச்சீலை செய்யலையே?”

“கிடையாது டீச்சர். அந்தம்மா போட்டதில்ல.”

“ஒருநாளும்?”

“ஒருநாளும் இல்ல. தெருவுல மத்த வீட்லல்லாம் ஆறு மணிக்கே இழுத்து விட்டுருவாங்க.”

“வெளிய நீங்க நடக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமயா? விசில் ஊதிட்டே போவேனே. அந்தப் பக்கம் வந்து ஊதினா, படிக்கிறத நிறுத்திட்டு ஜன்னலப் பார்த்துத் திரும்புவாங்க. சத்தம் தொந்தரவு போலன்னு அந்த இடத்துல மட்டும் ஊதுறத விட்டேன். அப்பவும் அவங்க திரும்பிட்டுத்தான் இருந்தாங்க…”

அவர் ஜன்னலைப் பார்த்தார். இத்தனை காலமும் எண்ணி எண்ணி வெட்கப்பட்ட இடத்தில், திருடனுக்குப் பதில் வேறு யாரோ நிற்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வைரமணி எழுந்து வந்தாள்.

“உட்காருங்க அண்ணே” என்றாள். ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் உட்கார்ந்தார். உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார்.

“கால் குச்சியா இருக்கே, தரை தப்பா இருக்கே டீச்சர். மாத்திரவா?”

“வேண்டாம். தெரிஞ்சது தெரிஞ்ச மாதிரி இருக்கட்டும். தெரியாதது தெரியாத மாதிரி.”

“நாளைக்கு வர்றவங்க யாரு வீடுன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?”

ஜெனோவா குண்டூசியைப் பிடுங்கி நூலைச் சுருட்டினாள்.

“ஜன்னலுக்குத் திரை போடாத ஒரு அம்மாவோட வீடுன்னு சொல்லுங்க.”